சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் வரை

1734ஆம் ஆண்டு சென்னையில் கைத்தொழிலாளர்களுக்கென்றே ஒரு பேட்டை உருவானது. கூவம் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் சுங்குராமரின் தோட்டம் இருந்தது. அன்றைய ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் அந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்து, நெசவாளர், நூல் நூற்பவர், துணியில் சித்திரம் தீட்டுபவர், வெளுப்பவர் என்று துணித் தொழிலில் இருந்தவர்களைக் குடியமர்த்தினார். அவர்களுக்கு முன்பணம் கொடுக்கப்பட்டது. பேட்டைக்கு நடுவே கோயில்களும் எழுந்தன. சின்னத் தறிப்பேட்டை என்ற பெயர் வாயில் உருண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி இதை இரக்கப்பட்டுச் செய்யவில்லை. கப்பலேற்றத் துணி வேண்டும், துணிக்குத் தறி வேண்டும், தறி போடுகிறவர் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லாபத்துக்காக வந்தவர்களுக்கே அந்தக் கணக்கு புரிந்திருந்தது.

இப்போது அந்தப் பேட்டையின் அடையாளம் தறி இல்லை. கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் அச்சகங்களும் மீன் மார்க்கெட்டும் இருக்கின்றன. நடக்கும் தூரத்தில் ரிச்சி தெரு, புதுப்பேட்டையின் பழைய வண்டிச் சாமான் கடைகள், சென்ட்ரல், பொது மருத்துவமனை எல்லாம் உண்டு. கைவேலையும் கூலிவேலையும் எந்நேரமும் கிடைக்கிற வட்டாரம். அந்த வேலைகளைச் செய்கிறவர்கள்தான் அங்கிருந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். 2019 டிசம்பர் கடைசியில், தீவுத்திடலை அடுத்துக் கூவத்தை ஒட்டியிருந்த சத்தியவாணி முத்து நகரில் வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். தலித் மக்களின் குரலாக எழுந்து மத்திய அமைச்சர் வரை ஆன ஒரு தலைவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. முதலில் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். எதிர்த்து நின்றவர்களில் ஒரு பகுதியினருக்கு அடுத்த ஆண்டு புளியந்தோப்பு கிடைத்தது. அதற்கு முன்பே ஆயிரம் விளக்குப் பக்கத்துத் திடீர் நகர் காலியாகியிருந்தது. கூவம் சீரமைப்புத் திட்டத்துக்காக மட்டும் கரையிலிருந்து அகற்றுவதற்குக் கணக்கெடுத்த குடும்பங்கள் 14,000க்கும் மேல். அடையாற்றங்கரைக் கணக்கு தனி.

மலிவு விலை வீடு பற்றிய நம் பேச்சு எத்தனை வீடு, எத்தனை சதுர அடி, எத்தனை லட்சம் என்பதைச் சுற்றியே நடக்கிறது. எங்கே என்ற கேள்வி கடைசியில் வருகிறது, பல சமயம் வருவதே இல்லை. சென்னையில் கடந்த கால் நூற்றாண்டில் ஏழைகளுக்குக் கட்டப்பட்ட வீடுகள் மலிவாக அமைந்ததற்குக் காரணம் அவை தொலைவில் இருப்பதுதான். அந்தத் தொலைவுக்கான விலையை அரசு தரவில்லை. அங்கே குடிபோனவர்கள் பஸ்ஸிலும் தூக்கத்திலும் பிள்ளைகளின் படிப்பிலும் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை நிறுவத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆள்கணக்கு. பழைய எல்லைக்குள், அதாவது 176 சதுர கிலோமீட்டருக்குள், சென்னையின் மக்கள்தொகை 1991இல் 38.4 லட்சம், 2001இல் 43.4 லட்சம், 2011இல் 46.5 லட்சம். கடைசிப் பத்தாண்டின் வளர்ச்சி நூற்றுக்கு ஏழுதான். அதே பத்தாண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 சதவீதமும் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் வளர்ந்தன. ஊர் பெருத்ததெல்லாம் விளிம்பில். 2011இல் மாநகராட்சி எல்லையை 426 சதுர கிலோமீட்டராக விரித்தபோது அந்த விளிம்பின் ஒரு பகுதியும் சென்னை என்ற பெயருக்குள் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். அதற்குப் பின் ஒரு கணக்கெடுப்பு வர வேண்டிய 2021இல் வரவில்லை. பல பத்தாயிரம் குடும்பங்களை இடம் மாற்றிய காலத்தில், யார் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமலே மாற்றியிருக்கிறோம்.

நகரத்தின் நடுவில் மிஞ்சியவர்கள் யார்? மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாடவீதிகளைச் சுற்றி நடந்தால் விடை ஓரளவு தெரியும். ஒரு கூட்டுக் குடும்பம் இருந்த ஓட்டு வீடு இடிந்து, அதே இடத்தில் ஆறு ஃப்ளாட், எட்டு ஃப்ளாட். அவற்றில் பலவற்றில் வயதான இரண்டு பேர், அல்லது ஒருவர். பிள்ளைகள் வெளிநாட்டில், இல்லையென்றால் பழைய மகாபலிபுரம் சாலையில். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.4 ஆகக் குறைந்துவிட்டதாக 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொன்னது. நடு நகரத்தில் அதைக் கணக்கு இல்லாமலே பார்க்கலாம். அந்த முதியவர்களுக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் ராத்திரித் துணைக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் முன்பு பின்தெருக் குப்பத்தில் இருந்தார். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார்.

கிரீம்ஸ் சாலைப் பக்கம் வேறு கதை. 1983இல் அங்கே ஒரு பெரிய தனியார் மருத்துவமனை வந்தது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெருக்களில் மாத வாடகை வீடுகள் நாள் வாடகை அறைகளாயின, கடைப்பலகைகளில் வங்க எழுத்து ஏறியது. வந்தவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உயிர் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு வீட்டுக்காரருக்கு மாதத்தில் வருவது வாரத்திலேயே வந்துவிடும் என்றால், பத்து வருடமாக இருந்த குடித்தனக்காரர் அங்கே தங்க வழியில்லை. மேலைநாடுகளில் ஏழைகளின் பேட்டைக்குள் பணக்காரர்கள் குடிவருவதால் ஏழைகள் வெளியேறுவதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். சென்னையின் நடுவில் பெரும்பாலும் நடப்பது குடித்தனம் போய் வியாபாரம் வருவது. கடை, அலுவலகம், லாட்ஜ், மருத்துவமனை, கார் நிறுத்துமிடம். இரவில் விளக்கு எரியாத தெருக்கள் கூடிக்கொண்டே போகின்றன.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை இங்கே சொல்லாமல் போக முடியாது. எந்தத் திட்டத்திலும் இல்லாத, யாரும் அடிக்கல் நாட்டாத மலிவுக் குடியிருப்பு அது. ஒரு கட்டில், ஒரு ஆணி, வராந்தாக் கோடியில் கழிப்பறை. வேலை தேடி வந்த தலைமுறை தலைமுறையான இளைஞர்களுக்கு அதுவே சென்னையின் வாசல். மெஸ் பக்கத்தில், ஆபீஸ் நடக்கும் தூரத்தில். பெண்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை என்பது அதன் பெரிய குறை. இருந்தும், சின்ன அறையானாலும் இடம் நடுவில் இருந்தால் ஒரு மனிதன் முன்னுக்கு வருவான் என்பதற்கு மேன்ஷன்களே சாட்சி. இதையே தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி தெற்கே இருக்கிறது.

அரசின் பாதை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. அந்த ஆண்டே 1,202 குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட இடத்தில் இருப்பவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. வாரியத்தின் ஆரம்பகாலக் கொள்கை, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பது. கடற்கரையில் நொச்சிக்குப்பம் உட்பட நகரெங்கும் மூன்று மாடி, நான்கு மாடி பிளாக்குகள் எழுந்தன. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று சுவரில் எழுதியிருந்தார்கள். வீடு சிறியது, படிக்கட்டு இருட்டு, பராமரிப்பு மோசம். ஆனால் வலையை உலர்த்திய கை அதே மணலில் வலையை உலர்த்தியது. அந்த பிளாக்குகளில் வளர்ந்த பிள்ளைகள் நகரத்தின் நல்ல பள்ளிகளுக்கு நடந்தே போனார்கள். சட்டப்படி அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதிகளின் பட்டியலில் 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்ந்தன. அதோடு பல பத்தாண்டுகள் பட்டியல் நின்றுபோனது. புதிதாக முளைத்த குடியிருப்புகள் அத்தனையும் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டன.

1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வந்தது. கட்டிக் கொடுக்கிற வீட்டுக்குச் செலவு அதிகம், அதனால் இருக்கிற குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீர், விளக்கு, கழிப்பிடம் கொடுத்து மனையைத் தவணைக்கு எழுதிக்கொடுங்கள், புது இடத்தில் மனையும் வசதியும் மட்டும் கொடுங்கள், வீட்டை அவர்களே கட்டிக்கொள்வார்கள் என்பது வங்கியின் வாதம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் மனைப் பிரிவுகள் இப்படி வந்தவை. அப்போது அவை ஊருக்கு வெளியே. 'பொட்டல்காட்டில் யார் போய் இருப்பார்' என்று பேசினார்கள், திட்டம் தோற்றது என்றே பலர் முடிவு கட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது காட்சி வேறாக இருந்தது. சின்ன மனையும் பெரிய மனையும் கலந்து போட்டிருந்ததால் பல வருமானக்காரர்கள் ஒரே பேட்டையில் கலந்திருந்தார்கள். கீழே ஓர் அறை கட்டியவர் பிள்ளை வேலைக்குப் போனதும் மாடி எடுத்து அதை வாடகைக்கு விட்டிருந்தார். மரம் வளர்ந்திருந்தது, கடை வந்திருந்தது. முகப்பேருக்கு இன்று குடிபோவது நடுத்தர வர்க்கத்துக்கே கடினம்.

இந்தக் காலகட்டத்தை ஆராய்ந்து நித்யா ராமன் 2011இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதிய கட்டுரை, வாரியத்தின் பாதையை வங்கி எப்படித் திருப்பியது என்பதைக் காட்டியது. அவர் பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமன்றத்துக்குத் தேர்வானார். அந்தத் தேர்தலிலும் வீடில்லாதவர்களும் வாடகைதாரர்களுமே அவருடைய பேச்சின் நடுவில் இருந்தார்கள்.

என் பார்வையில் வங்கித் திட்டத்தின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. தவணை கட்ட முடியாதவர்களை அது கைவிட்டது. ஆனாலும் அதில் ஓர் அறிவு இருந்தது: மனையும் பத்திரமும் கிடைத்தால் வீடு தானாக வளரும். அடுத்து வந்த காலத்தில் அந்த அறிவையும் விட்டுவிட்டோம், 1971இன் அறிவையும் விட்டுவிட்டோம்.

2000இலிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். மொத்தம் 15,656 வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடிகூடத் தேறாது. அடுத்துச் செம்மஞ்சேரி, 6,764 வீடுகள், சுனாமியில் வீடிழந்தவர்களும் நகரத்திலிருந்து அகற்றப்பட்டவர்களும் சேர்ந்து. பிறகு எழில் நகர், அதன் பின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புற இயக்கத்தின் பணத்தில் பெரும்பாக்கம். எட்டு அடுக்கு பிளாக்குகள், 20,000க்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் பக்கத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருப்பது உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அடையாற்றங்கரை மக்களை இங்கே கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றது. செம்மஞ்சேரிக்கோ பெருமழை ஆண்டெல்லாம் வெள்ள ஆண்டு. வெள்ளத்துக்குப் பயந்து சதுப்பு நிலத்தில் வீடு கட்டிய முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆற்றங்கரையில் நின்ற பெரிய கட்டடங்கள் எதையும் வெள்ளத்தின் பெயரால் லாரியில் ஏற்றியதாக நான் பார்த்ததும் இல்லை.

அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித்துகள். சாதியைப் பேசாமல் இந்த இடமாற்றத்தைப் பேசினால் பாதி உண்மைதான் பேசியதாகும். நகரத்தின் நடுவில் பல சேரிகளாகச் சிதறி, பிற சாதிக்காரர்களோடு தெருவைப் பகிர்ந்து வாழ்ந்த மக்களை ஒரே இடத்தில் குவித்தோம். 'ஊர்–சேரி' என்ற பழைய கோடு கான்கிரீட்டில் மறுபடி விழுந்தது. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை தர யோசிக்கிறார்கள், கடன் தர யோசிக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையன்கள் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதப் பழகிக்கொண்டார்கள். 2025இல் அந்த நகரின் பெண்பிள்ளை ஒருத்தி ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்று வந்தாள். அன்றைக்காவது முகவரியை முழுதாக எழுதியிருப்பார்கள்.

பிள்ளைகள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. சத்தியவாணி முத்து நகரை இடித்தது கல்வியாண்டின் நடுவில், பொதுத் தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கையில். சிலர் பழைய பள்ளியை விட மனமில்லாமல் பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டார்கள். சிலர் விடியுமுன் கிளப்பிக் கூட்டிவந்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் உண்டு. நடு நகரத்தின் மாநகராட்சிப் பள்ளிகளில் பெஞ்சுகள் காலியாக, தெற்கே ஒரே வகுப்பறையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதியவர்கள் ஒரு பக்கமும் குழந்தைகள் ஒரு பக்கமுமாக நகரம் பிரிகிறது. இதற்கு எந்த ஆவணத்திலும் ஒரு வரியைக்கூட நான் கண்டதில்லை.

செலவைப் பார்ப்போம். குடிசையில் இல்லாத செலவுகள் பெரும்பாக்கத்தில் முளைத்தன: பராமரிப்புக்கு மாதம் 750 ரூபாய், கரண்ட் பில், தண்ணீர்க் கேன், பஸ். வீட்டு வேலைக்குப் போகும் பெண், முன்பு மூன்று வீடு பார்த்தவள், இப்போது ஒரு வீடுதான் பார்க்க முடியும், ஏனென்றால் போக வர நான்கு மணி நேரம் போகிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு ஆணையிட்டது. மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு இத்தனை ஆண்டுகளில் கிடைத்த பெரிய உதவி அதுவே என்பேன். வீட்டுத்துறை செய்த தவறுக்குப் போக்குவரத்துத் துறை கட்டும் ஈடு அது. பணம் மிச்சமாகிறது, நேரம் திரும்பவில்லை.

'நடுவில் நிலம் எங்கே இருக்கிறது?' என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலத் தெரியும். முதல் விடை, வாரியத்தின் பழைய பிளாக்குகள் நிற்கிற நிலமே. அவை முதிர்ந்துவிட்டன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு பிளாக்கின் வீடுகள் சரிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். இடித்துக் கட்டும் பணி பல இடங்களில் நடக்கிறது, அதுவே சரியான வழி. ஆனால் கட்டுகிற தரத்தில் கண் வேண்டும். புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காவில் புதிதாகக் கட்டிய அடுக்ககத்தில் 2021இல் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்தது, ஐஐடி வல்லுநர்கள் வந்து ஆராய வேண்டியிருந்தது. கட்டி முடியும்வரை குடும்பங்கள் எங்கே இருப்பது என்பதும் தீரவில்லை. வாடகைப்படி என்று தருவது அதே பேட்டையில் ஒரு அறைக்கான அட்வான்ஸுக்குக்கூடக் காணாது. முடிந்த பின் பயனாளி பங்கு என்று லட்சக்கணக்கில் கேட்டால், நாற்பது வருடம் இருந்த இடத்துக்கு மறுபடி விலை கொடுப்பதாகிறது.

இரண்டாவது விடை வாடகை. சொந்த வீடு என்ற ஒரே கனவைச் சுற்றியே எல்லாத் திட்டமும் இருப்பதால், ஏழைக்கு நல்ல வாடகை வீடு என்ற எண்ணமே நம் கொள்கையில் வளரவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்பது வழக்கம், கொடுப்பதும் வழக்கம். இதற்கு மேல் 'என்ன ஆளுங்க?' என்ற கேள்வி. முஸ்லிம் என்றால் இல்லை, தலித் என்றால் இல்லை, சைவம் மட்டும் என்று பலகை. பணம் இருந்தும் நடு நகரத்தில் வீடு கிடைக்காதவர்களை வீட்டுத் தட்டுப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சிங்கப்பூர் இதை அரசின் வேலையாக எடுத்துக்கொண்டது. 1989 முதல் அங்கே வீடமைப்புக் கழக பிளாக்குகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அதன் கண்டிப்பால் சிறுபான்மையினருக்கு வீட்டை விற்பது சிரமமாகிறது என்ற புகாரும் உண்டு. அதை அப்படியே இங்கே நட முடியாது. ஆனால் யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பதை அரசு கவனிக்கலாம், கவனிக்க வேண்டும் என்ற துணிவையாவது அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

2021 செப்டம்பரில் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசை என்ற சொல்லை எடுத்துவிட்டு வாழ்விடம் என்று வைத்ததை நான் வரவேற்கிறேன். வாழ்விடம் என்பதில் வாழ்வும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. மறுகுடியமர்வுக் கொள்கைக்கு வரைவும் அந்த ஆண்டே வந்தது. 1985இலேயே பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின்படி பார்த்தால், ஒதுக்கீட்டுச் சீட்டில் கதவு எண்ணோடு இன்னொன்றும் எழுதியிருக்க வேண்டும்: பிழைப்பு எத்தனை கிலோமீட்டரில்.

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். விடியுமுன் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, புதுப்பேட்டைச் சந்து முனையில் அருவாமனையோடு உட்காருவார். பத்து மணிக்குள் கூறு போட்டு முடித்துவிடுவார். கூவங்கரையில் இருந்தவரை மார்க்கெட்டுக்குப் பத்து நிமிடம். பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு வந்த பிறகு சுமார் 25 கிலோமீட்டர். ஏல நேரத்துக்கு அங்கிருந்து பஸ் இல்லை, ஆட்டோவுக்குக் கொடுத்தால் லாபம் இல்லை. நான்கு மாதம் மார்க்கெட் திண்ணையிலேயே படுத்து எழுந்தார். பிறகு வட்டிக்கு வாங்கி ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துப் பேட்டையிலேயே ஒரு அறையை மாதம் ஐந்தாயிரத்துக்குப் பிடித்தார். பாய் விரித்தால் கதவு முழுதாகத் திறக்காது.

பூட்டிய வீட்டை ரத்து செய்துவிடுவார்கள் என்று பயந்து மாமியாரை மட்டும் பெரும்பாக்கத்தில் விட்டிருக்கிறார். கணக்கெடுக்க வருகிறவர்களுக்குக் கைரேகை வைக்க ஓர் ஆள் வேண்டும். லிஃப்ட் நின்றால் அந்த அம்மா கீழே இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்ததும், மிஞ்சிய சங்கராவைக் குழம்பு வைத்துத் தூக்கில் ஊற்றி, மூடி கழன்றுகொள்ளாமல் துணி சுற்றி, அக்கா இலவசப் பஸ்ஸுக்கு நிற்கிறார். போய்ச் சேர மூன்று மணி ஆகிவிடும். மாமியார் அதுவரை சாப்பிடாமல் இருப்பார்.